வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

2025 ஏப்ரலின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், திண்டிவனத்தில் செஞ்சி சாலையை ஒட்டிய ஒரு வீட்டு வேப்பமரத்தடியில், நாங்கள் இருவரும் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். வெள்ளி நிறம். 2013ஆம் ஆண்டு வண்டி. ஜெர்மானியக் கம்பெனி மூன்றில் ஒன்று; எதுவென்று சொல்வதால் வாசகருக்குப் பயனொன்றும் இல்லை. புதிதாக இருந்தபோது நாற்பது லட்சத்தை ஒட்டி விலை போனதாம். இப்போது கேட்கும் விலை ஒன்பதரை லட்சம்.

"கதவச் சாத்திப் பாருங்க மேடம், சத்தத்தக் கேளுங்க. இந்தக் காசுக்கு ஷோரூமுக்குப் போனீங்கன்னா தகர டப்பாதான் குடுப்பான்" என்றார் தரகர்.

சாத்திப் பார்த்தோம். நெல் மூட்டையைத் தோளிலிருந்து தரையில் இறக்கியதுபோல ஓர் அடக்கமான, கனத்த ஓசை. உண்மையைச் சொல்வதென்றால் அந்த ஓசையில்தான் நாங்கள் விழுந்தோம். அதற்குப் பிறகு ஐந்து மாதங்கள் நாங்கள் செய்ததெல்லாம், விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் முயற்சி என்றே சொல்லவேண்டும்.

நாங்கள் என்பது கணவனும் மனைவியுமான இரண்டு ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் கணக்கு நடத்துகிறார்; திண்டிவனத்தில் பள்ளி. மற்றவர் தமிழ் நடத்துகிறார், விழுப்புரத்தில் பள்ளி. வீடு விழுப்புரத்தில். பெற்றோர் இருப்பது திண்டிவனத்தில். எங்களில் ஒருவருக்கு அப்பாவும் மற்றவருக்கு மாமனாருமான பெரியவரை இந்தக் கட்டுரை முழுக்க அப்பா என்றே எழுதிவிடுகிறோம். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்தது. மாதம் இருமுறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. பேருந்தின் படி ஏற அவரால் முடிவதில்லை. வாடகைக் காரில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடிப்பது முன்னிருக்கையில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும்.

ஆகவே ஒரு கார் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சீட்டுப் பணமும் வங்கியில் மாதாமாதம் போட்டுவந்ததும் சேர்ந்து பதினொரு லட்சம் கையில் இருந்தது. மகளின் கல்லூரிக்கென்று ஒதுக்கியது வேறு. அதைத் தொடுவதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம். இந்தப் பணத்துக்கு ஒரு புதிய சின்னக் கார் வரும். அதே பணத்துக்கு, பன்னிரண்டு வயதான ஓர் அரசனும் வருவான் என்பதுதான் அன்று வேப்பமரத்தடியில் எங்களுக்குத் தெரியவந்த செய்தி.

*

எங்கள் ஜி.எஸ்.டி. சாலைக்கும் சொகுசுக் கார்களுக்கும் நாம் நினைப்பதைவிடப் பழைய உறவு உண்டு. வண்டலூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1985இல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் வந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்த எஞ்சின் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வேன்கார்டு காரின் வழிவந்தது. புது மாப்பிள்ளைச் சட்டைக்குள் தாத்தாவின் நெஞ்சு. 1988இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. அதே சாலையில் மறைமலை நகரில் கார் செய்துவந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022இல் அங்கும் நிறுத்தியது. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச் மாதம் திறக்கப்பட்ட பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. நாங்கள் சென்னை போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது. வாங்குகிறவர் ஒரு காரை வாங்கும்போது, அதைச் செய்தவர் எத்தனை ஆண்டு நம் பக்கத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார் என்பதை இந்த ஒரு சாலையே சொல்லிக்கொடுக்கும்.

பழைய சொகுசுக் கார் என்பதும் நேற்று முளைத்த ஆசையல்ல. வெளிநாட்டுக் காரை எளிதில் இறக்குமதி செய்ய முடியாதிருந்த காலத்தில், தூதரகங்கள் ஓட்டிக் கழித்த கார்கள் அரசு வணிகக் கழகத்தின் மூலம் விற்பனைக்கு வரும். நடிகர்களும் மிராசுகளும் ஆலை முதலாளிகளும் அவற்றுக்குப் போட்டியிடுவார்கள். அவர்கள் ஓட்டி அலுத்தபின் அவை மூன்றாம் கை, நான்காம் கையாகச் சிறுநகரங்களுக்கு இறங்கிவரும். 1995இல் புனேயில் மெர்சிடஸ் பென்ஸ் கார்கள் பூட்டப்படத் தொடங்கின. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். இன்று விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது எதிரே வரும் நட்சத்திரமும் வளையங்களும் பெரும்பாலும் அந்த வெள்ளத்தின் வடிகால் நீர்தான். கேலியாகச் சொல்லவில்லை. நாங்களும் கையில் செம்போடு அங்கே நின்றவர்கள்தாம்.

*

தரகர் முதலில் எங்களுக்குக் காட்டவிருந்தது இந்த வண்டியை அல்ல. பிஒய் 01 எண்ணிட்ட வேறொன்றை. "ஒன்றர லட்சம் கம்மி சார், பாண்டி வண்டி. யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே. வரி குறைவென்பதால் வெளியூர்க்காரர்கள் அங்கே முகவரி காட்டிப் பதிவுசெய்த கதைகள் எங்கள் பக்கத்தில் சகஜம். 2017இல் கேரளத்தில் சில நடிகர்களின் கார்கள் இப்படிச் சிக்கி வழக்கு வரை போனதைச் செய்தித்தாளில் எல்லோரும் படித்திருப்போம். சட்டம் தெளிவாகவே இருக்கிறது: வேறொரு மாநிலத்துப் பதிவெண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வண்டியை வைத்திருந்தால், தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள்கால வரியும் கட்டவேண்டும். எங்களில் தமிழ் நடத்துகிறவர், "வகுப்பில் நின்று அறத்துப்பால் நடத்திவிட்டு, மாலையில் பாண்டி நம்பர் வண்டியில் ஏற என்னால் முடியாது" என்று அங்கேயே முடித்துவிட்டார். ஆகவே டிஎன் 16, திண்டிவனம் பதிவு கொண்ட வெள்ளி வண்டி.

அடுத்த பயம் தண்ணீர். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிய கார்கள் காப்பீட்டு நிறுவனங்களின் ஏலத்தில் போய், துடைத்து மினுக்கப்பட்டு வேறு ஊர்களில் தலைகாட்டின. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின்னும் இந்த அச்சம் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த ஃபெஞ்சல் புயலோ எங்கள் வாசலுக்கே வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை. திண்டிவனத்தில் ஏரி நீர் தெருக்களில் நடந்தது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் குளமாயிற்று. அரசூர் அருகே தென்பெண்ணை தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே ஓடிப் போக்குவரத்து நின்றது. அதற்கு ஐந்து மாதம் கழித்து இந்தப் பகுதியில் பழைய கார் பார்க்கிறவர், முதலில் அந்த இரவில் அது எங்கே நின்றது என்று கேட்கவேண்டும்.

கேட்டோம். மேட்டுத்தெருவில் நின்றது என்றார்கள். சொல்லை மட்டும் நம்பாமல், முன்பு சென்னையில் இத்தகைய வண்டிகளில் வேலைபார்த்து இப்போது விழுப்புரத்தில் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போனோம். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டை அடிவரைக்கும் இழுத்து, அதன் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் தண்டவாளத்தில் துருவைத் தேடினார். டிக்கியின் விரிப்பைத் தூக்கி மோந்தார். இந்த வகை வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் பல இருக்கைக்கு அடியிலும் விரிப்புக்கு அடியிலும் இருக்கின்றன என்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரே போதும், வருடம் கழித்துக்கூட ஒவ்வொன்றாகப் பழிவாங்கும் என்றார். பிறகு ஸ்கேனரைச் செருகி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரும் உள்ளே மற்ற பெட்டிகள் நினைவில் வைத்திருக்கும் கிலோமீட்டரும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தார். ஒத்துப்போயின. எண்பத்தெட்டாயிரம்.

"வண்டி சுத்தம் சார். தண்ணி பார்க்கல, அடிபடல, ஓனரு ஒழுங்கா வெச்சிருந்திருக்காரு" என்றார். எங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். நான்கு டயர். முன்பக்கத் தாங்குகைகள். ஷாக் அப்சார்பர். கியர் எண்ணெய். பேட்டரி. இந்த ஓராண்டுக்குள் ஒன்றே முக்கால் லட்சம்.

"நல்ல வண்டி என்றீர்களே?"

"நல்ல வண்டிக்குத்தான் சார் இது. இது ரிப்பேர் இல்ல, வயசு."

*

அன்றிரவு கணக்கு வாத்தியார் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், எங்களைப் போலவே ஆசையோடு இருக்கும் யாருக்காவது உதவும் என்பதுதான். எண்கள் எங்கள் விசாரிப்பிலிருந்து வந்தவை. ஊருக்கு ஊர் மாறும். வழிமுறை மாறாது.

எல்லோரும் முதலில் கேட்பது "மைலேஜ் என்ன?" என்றுதான். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். விழுப்புரம் - திண்டிவனம் போய்வர எண்பது கிலோமீட்டர். பள்ளி நாள் 220 என்றால் ஆண்டுக்கு 17,600 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினான்கு கொடுக்கும் பெரிய டீசல் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். பதினெட்டு கொடுக்கும் சின்ன பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். வித்தியாசம் மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்குள். அரசன் அவ்வளவு பெருந்தீனிக்காரன் அல்ல. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியும் இருவரிடமும் ஒரே தொகையைத்தான் வாங்கும். 2025 ஆகஸ்டு 15இல் வந்த மூவாயிரம் ரூபாய் ஆண்டுப் பாஸ் 200 முறை கடக்கத்தான்; எங்களுக்கு 440 முறை வேண்டும். ஆனால் அதுவும் இரு கார்களுக்கும் பொதுச் செலவே.

பயந்த இடத்தில் பாம்பு இல்லை. அது வேறு பொந்தில் இருந்தது.

காப்பீடு: 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி 7,897 ரூபாய். சின்னக் காரானால் 2,094 அல்லது 3,416. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்தால் முப்பதாயிரம். அதைவிட முக்கியமானது, இந்த வயது வண்டிக்கு ஜீரோ டெப் எனப்படும் தேய்மானம் கழிக்காத காப்பீடு கிடைப்பது அரிது. சாதாரணக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கொடுப்பார்கள். பத்து வயதைத் தாண்டிய வண்டியானால் உலோகப் பாகங்களுக்கும் பாதிதான். கூட்டேரிப்பட்டு அருகே ஒரு மாடு குறுக்கே வந்தால், முன்விளக்குக்கும் பம்பருக்கும் ஆகும் பெரும் பங்கை நாங்கள்தான் கட்டவேண்டும். அந்த முன்விளக்கு ஒன்றன் விலைக்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம்.

டயர்: செட் அறுபதாயிரம், நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்தால் எங்கள் ஓட்டத்துக்கு ஆண்டுக்கு இருபத்தாறாயிரம். வழக்கமான சர்வீஸ் முப்பத்தைந்தாயிரம். மெக்கானிக் சொன்ன 'வயசு', ஆண்டுக்குச் சராசரியாக அறுபதாயிரம். 2028இல் பதினைந்து வயதாகும்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. அப்போது இதன் விலை ஐந்து லட்சம் இருந்தால் அதிர்ஷ்டம். ஆக, விலை இறக்கம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். எரிபொருள் நீங்கலாக எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம், மாதம் இருபத்தையாயிரம். புதிய சின்னக் காருக்கு இதே கணக்கைப் போட்டால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கியது.

எங்களில் தமிழ் நடத்துகிறவர் கணக்கை ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னார்: "விலை மட்டும்தான் பழசாகியிருக்கிறது. பாகங்கள் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் பாகங்களாகவே இருக்கின்றன."

இதைவிடச் சுருக்கமாக அந்தத் தாளை விளக்க முடியாது. காரின் விலை காலத்தோடு இறங்குகிறது. அதன் உதிரி பாகத்தின் விலையும் அதைத் தொடத் தெரிந்தவரின் கூலியும் இறங்குவதில்லை. ஒன்பதரை லட்ச ரூபாய்க்காரர் நாற்பது லட்ச ரூபாய்க்காரரின் பில்லைக் கட்டவேண்டும்.

ஆயினும் மாதம் பதின்மூன்றாயிரம் கூடுதல் என்பது இரண்டு சம்பளம் வரும் வீட்டில் சமாளிக்க முடியாததல்ல என்று எங்களுக்குள் இன்னொரு குரல் கேட்டது. ஆசைக்கும் கணக்குத் தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். அம்மாவின் இடுப்பை அது சாட்சிக்கு அழைத்தது. பாதுகாப்பைச் சொன்னது. வாழ்க்கையில் ஒருமுறை என்றது. நாங்கள் முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று நினைத்தோம்.

*

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா ஓட்டுநர். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை எண்ணெய் ஆலை முதலாளியிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் கார் ஓட்டினார். மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று தன் பெயரையே முதலெழுத்தாகக் கொடுத்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் அது. அந்நாளில் ஆலை முதலாளிகளுக்குக் குறைவில்லை. இந்த முதலாளி 1984இல் சென்னையிலிருந்து மூன்றாம் கையாக ஒரு வெளிநாட்டுக் காரை வாங்கிவந்தார். ஊரில் அதைக் கப்பல் என்பார்கள். கல்யாண வீடுகளில் முதலாளி உள்ளே போய்விடுவார். அப்பா வெளியே, காருக்குப் பக்கத்தில், கடைசிப் பந்தி வரை நிற்பார். அந்த நிற்றலைச் சிறுவயதில் பார்த்தவர் எங்களில் ஒருவர். கேட்டு வளர்ந்தவர் மற்றவர். அப்படிப்பட்ட ஒரு காரின் பின்னிருக்கையில் அப்பாவை உட்காரவைத்து மயிலம் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் தனித்தனியே இருந்திருக்கிறது. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை. தாளில் எந்த வரிசையிலும் அதை எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் சற்றுக் குறைத்து எழுதவைத்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை அப்பாவை அழைத்துப்போனோம். எழுபத்து நான்கு வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கையையும் கண்ணாடியையும் சரிசெய்ய ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டு வரை போய்த் திரும்பினோம். புளியங்காடு என்பதுதான் திண்டிவனம் என்ற பெயரின் பொருள் என்பார்கள். சாலை அகலமாவதற்கு முன் இருபுறமும் புளியமரங்கள் நின்ற இடங்களை அவர் கையால் காட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று சொல்வதைவிட, பழைய சிநேகிதனைப் பார்த்த நிதானம் என்று சொல்லலாம்.

திரும்பும்போது, "அப்பா, நீங்கள் பின்னால் உட்காருங்கள்" என்றோம்.

"எதுக்கு?" என்றார்.

எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருவாறு சொன்னோம். இருபத்திரண்டு வருஷம் முன்னாலேயே உட்கார்ந்தீர்களே, ஒருமுறையாவது அந்த இடத்தில்...

அவர் சிரித்துவிட்டார். "பின்னாடி உக்காந்தவருக்கு வண்டிய பத்தி இன்னாம்மா தெரியும்? அவரு தூங்குவாரு, இல்லன்னா கடன நெனச்சிக்கினு வருவாரு. அந்த வண்டிய ஆண்டு அனுபவிச்சது நானு. துட்டு கட்டினதுதான் அவரு."

நாங்கள் பேசாமல் இருந்தோம். எங்கள் இருவரின் நெஞ்சிலும் நாற்பது ஆண்டுகளாக ஒரு மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்த மனிதர், நாங்கள் நினைத்தபடி அங்கே நின்றிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே காலிகோ அட்டை போட்ட நீள நோட்டுகள் ஐந்து. கப்பலுக்குச் செய்த ஒவ்வொரு செலவும் தேதியோடு, அவருடைய சாய்ந்த கையெழுத்தில். முதலாளி கேட்டதால் எழுதத் தொடங்கியதாம்; பிறகு முதலாளி பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்; இவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

எங்களில் கணக்கு வாத்தியார் அன்றிரவு அந்த ஐந்து நோட்டுகளையும் கூட்டிப் பார்த்தார். 1984இல் வாங்கிய விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முதல் மூன்று ஆண்டுகள் சில்லறைச் செலவுகள். நான்காம் ஆண்டு முதல் எண்கள் தடிக்கின்றன. 1991இல் மட்டும் முப்பத்தெட்டாயிரம். அந்த ஆண்டு மார்ச்சில் 2,900 ரூபாய்க்கு வாங்கிய பிரேக் சாமான், ஜூலைக் கடைசியில் 4,150. நடுவில் நடந்தது என்ன என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்லும்: அந்த ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணைகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டெல்லியில் எடுத்த முடிவு, மூன்று வாரத்தில் திண்டிவனத்து ஓட்டுநரின் நோட்டில் ஏறியிருக்கிறது. நாங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்த 2025ஆம் ஆண்டின் நடுவில்தான் ஒரு யூரோவின் விலை நூறு ரூபாயைத் தாண்டியது. எங்கள் தாளில் அந்த வரிசையே இல்லை.

நோட்டில் கடைசிப் பதிவு 1993ஆம் ஆண்டுக்குரியது. கியர்பெட்டி போயிற்று, சென்னையில் சாமான் இல்லை, பம்பாயில் கேட்ட விலை முதலாளியால் முடியாதது. வண்டி ஓராண்டு ஆலைக் கொட்டகையில் நின்றது. கோழி முட்டையிட்டது. இருபத்திரண்டாயிரத்துக்கு எடைக்குப் போட்டார்கள்.

"அவரு வாங்க வசதி இல்லாதவரு இல்லடா" என்றார் அப்பா. "வாங்கறதுக்கு இருந்துச்சு. நின்னுபோனா தூக்கி நிறுத்தறதுக்குத்தான் இல்ல. கடைசி ரெண்டு வருஷம் எனக்குச் சம்பளமே பாதி பாதியாத்தான் குடுத்தாரு. வண்டிக்கு மட்டும் முழுசாக் குடுத்தாரு."

இதை அவர் எங்களிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான் என்பது எங்களில் ஒருவருக்கு நினைவிருக்கிறது. காரணம் அன்றுதான் தெரிந்தது.

*

கட்டுப்படியாகிறதா என்ற கேள்வியை நாங்கள் தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாங்க முடியுமா, மாதாமாதம் ஓட்ட முடியுமா என்று இரண்டையும் கேட்டோம். இரண்டுக்கும் இழுத்துப் பிடித்தால் முடியும் என்ற பதில் வந்தது. மூன்றாவது கேள்வியை நோட்டு கேட்டது. ஒரே நாளில் மூன்று லட்சம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், கடன் வாங்காமல், வேறெவர் பங்கிலும் கைவைக்காமல் கொடுக்க முடியுமா? வாங்கியபின் எங்களிடம் எஞ்சுவது ஒன்றரை லட்சம். அதுவும் மெக்கானிக்கின் முதல் தாளுக்கே போதாது. அதற்குமேல் கைவைக்க இருந்தவை மகளின் கல்லூரிப் பணமும் அம்மாவின் மருத்துவமும். அந்தக் காரில் நாங்கள் யாரை ஏற்றிச்செல்ல நினைத்தோமோ, அவர்களுடைய பங்கிலிருந்துதான் அதற்குத் தீனி போட்டிருப்போம்.

இத்தகைய கார் யாருக்குமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து மறந்துவிட முடிந்தவருக்கு, அது பட்டறையில் பதினைந்து நாள் கிடந்தாலும் வேலைக்குப் போக வேறொரு வண்டி வைத்திருப்பவருக்கு, ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, அது ஒரு நல்ல பேரம்தான். நாற்பது லட்சத்துச் சுகம் நான்கில் ஒரு பங்கு விலையில். நாங்கள் அந்த மூன்றில் ஒருவரும் அல்ல. தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடவேண்டிய ஒரே வண்டியாக ஓர் அரசனை வைத்துக்கொள்ள நினைத்தோம்.

தரகரிடம் வேண்டாம் என்று சொன்னபோது, "யோசிங்க சார், போனா வராது" என்றார். போயிற்று. ஜூலையில் யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு சின்னக் காரை எடுத்தோம். மிச்சப் பணத்தை அம்மாவின் பெயரில் போட்டுவைத்தோம். கதவைச் சாத்தினால் தகர டப்பா ஓசைதான் வருகிறது. தரகர் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பின்னிருக்கையில் தடித்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறோம். வேகத்தடைகளில் மாட்டுவண்டி வேகத்தில் ஏறி இறங்குகிறோம். முன்பைவிடப் பரவாயில்லை என்கிறார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது எங்களுக்காகச் சொல்வது.

சென்ற மாதம் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் அந்த வெள்ளி வண்டி எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி நின்றது. டிஎன் 16. எண் எங்களுக்கு மனப்பாடம். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கம்பம் உயர்ந்ததும் அது ஓசையே இல்லாமல் போய்விட்டது. அதைப் பார்த்து வருத்தமில்லை என்று எழுதினால் இத்தனை நேரம் உண்மையைச் சொல்லிவந்தது வீணாகிவிடும்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. புதுச்சேரி போகும் நாட்களில் அவர்தான் ஓட்டுகிறார். வேறு யாரையும் விடுவதில்லை. வண்டி வந்த அன்றே புதிய நோட்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தில் தேதியிட்டு இப்படி எழுதியிருக்கிறது: நான்கு சக்கரம், காற்று. செலவு இல்லை.